வரம்புக்குட்பட்ட பால்

2024ஆம் ஆண்டு மே மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. இரவு முழுவதும் பெய்த மழை விடியலில் ஓய்ந்திருந்தது. வானம் மூடியே கிடந்தது. கோடையில் அத்தகைய காலைப்பொழுது அரிது.

வாடிப்பட்டிக்கு அருகில் எங்கள் ஊர்ப் பால் சேகரிப்பு நிலையத்தை நான் நடத்தி வந்தேன். நாற்பது வயதிற்குப் பின்னரே எழுதப் படிக்கக் கற்றேன். ஊரார் என்னை வாத்தியார் என்றனர். நான் அதைக் கேலியாகக் கொள்ளவில்லை. பால் பாதுகாப்புக் கையேட்டை முழுமையாக வாசித்தவன் அங்கு நான் ஒருவனே. மடிவீக்கத்திற்கு ஊசி போட்ட மாட்டின் பாலைச் சில நாட்கள் கீழே ஊற்றிவிட வேண்டும். காய்ச்சினாலும் அம்மருந்து முற்றிலும் அழியாது. இவை அதில் உள்ளன.

மலையம்மாளுக்கு ஒரே மாடு. அதற்கு ஊசி போட்டதும் என்னிடம் வந்தார்.

"கீழ ஊத்த மனசு வரல, வாத்தியாரே. அம்புட்டுப் படிக்கிறீக, அதுல ஒரு வழி இல்லாமலா போச்சு?"

வழி இருந்தது. மருந்து எச்சத்திற்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு உண்டு என்கிறது கையேடு. ஒரு மாட்டின் பாலை ஊர்ப் பாலோடு கலந்தால் ஒவ்வொருவருக்கும் சேர்வது சிறிதளவே. பிறகு, ஊசி போட்ட மாட்டுக்காரர்கள் அனைவரும் என்னிடமே கொண்டுவந்தனர். என் வீட்டிற்கு மட்டும் எங்கள் மாட்டுப் பாலைத் தனியே எடுத்து வைத்தேன்.

அடுத்த தெருச் சின்னத்தாயின் மகன் முகேஷிற்கு அம்மருந்து ஆகாது. ஒருமுறை மருத்துவமனையில் அதே மருந்தை ஊசியாகப் போட்டு மூச்சடைத்து, மயிரிழையில் பிழைத்தவன். ஆகவே ஊசி போட்ட மாட்டுப் பால் கலந்ததா என்று அவள் நாள்தோறும் கேட்டே வாங்குவாள். நாள்தோறும் இல்லை என்றேன். குழந்தைக்கு எதுவும் நேராததால் என் முறை சரியென்று அறிந்தேன்.

அன்று ஓடைப் பாதை மூழ்கியதால் மற்றவர்களின் பால் வரவில்லை. கேனில் இருந்தது மலையம்மாளின் பால் மட்டும். முந்தைய மாலைதான் அவருடைய மாட்டிற்கு மீண்டும் ஊசி போட்டிருந்தனர். சின்னத்தாய் வந்து கேட்டாள்.

"ஊசி போட்ட மாட்டுப் பாலு இல்லையேண்ணே?"

உண்டு என்றால், முன்பு வாங்கிய பாலைப் பற்றியும் கேட்பாள். விளக்கிக் கூற எனக்குச் சோர்வாக இருந்தது.

"இல்ல தாயி, கொண்டு போ," என்றேன்.

அவள் கேட்காமல் வாங்கிச் சென்றிருந்தால், நான் பொய்யுரைக்க நேர்ந்திராது. முகேஷ் காலை எட்டு மணி பத்து நிமிடத்திற்கு இறந்தான்.