தையல் போட்ட பக்கம்

வாலு: வாயைத் திறக்க மாட்டேன்.

அப்பா: இப்பத்தானே திறந்த வாலு? அந்தப் பக்கம் எல்லாம் பாத்தாங்கல்ல?

வாலு: அது வலது பக்கம். வலது பக்கம் யாரு வேணா பாக்கலாம்.

டாக்டர்: இடது பக்கம்?

வாலு: அங்க தொடக் கூடாது. பிச்சுக்கும்.

டாக்டர்: யாரு சொன்னா?

வாலு: எல்லாரும்.

அப்பா: அது ஒண்ணுமில்ல டாக்டர்... மேலுதடு பிளந்து பொறந்தா. கைக்குழந்தையிலயே தைச்சுட்டாங்க. அப்ப சொன்னது.

டாக்டர்: அப்ப சொன்னது சரி. இப்ப என்ன வயசு வாலுக்கு?

வாலு: நாலு முடிஞ்சு அஞ்சு. வாலுன்னு அப்பா மட்டும்தான் கூப்பிடணும்.

டாக்டர்: அய்யோ, தப்புதான். நான் எப்படிக் கூப்பிடணும்?

வாலு: ...யோசிச்சுச் சொல்றேன்.

டாக்டர்: யோசி. சார், பல்லு தேய்ச்சு விடுறது யாரு?

அப்பா: நான்தான். அவ அம்மாவுக்குக் காலை ஷிப்ட். இவ கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவா. ஒரு நாள் விட்டதில்ல டாக்டர்.

டாக்டர்: அது தெரியுது. அதான் எனக்குப் புரியல.

அப்பா: என்ன புரியல?

டாக்டர்: வலது பக்கம் கடைவாய் வரைக்கும் பளிச்சுனு இருக்கு. இவ்வளவு சுத்தம் பெரியவங்க வாயிலயே பாக்கிறதில்ல. இடது பக்கமும் பின்னால சுத்தம். முன்னால மட்டும், அந்த உதட்டுக்கு அடியில, ஓரமாத் தெரியிற வரைக்கும் ஒரே மஞ்சள். ஒரே வாய், ஒரே பிரஷ், ஒரே கை. அந்த எடம் வந்ததும் கை எங்க போகுது?

அப்பா: பிரஷ் அங்க நுழையாது டாக்டர். உதடு இறுக்கம்.

டாக்டர்: தூக்கிப் பாத்தீங்களா?

அப்பா: ...அந்தச் சுவத்துப் படத்துல இருக்கிற முதலைக்கு எத்தனை பல்லு டாக்டர்?

வாலு: அப்பா, அவங்க உன்னக் கேள்வி கேட்டாங்க.

டாக்டர்: முதலைக்கு அறுவதுக்கு மேல இருக்கும். விழுந்தா மறுபடி முளைக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

வாலு: முதலைக்கு யாரு தேய்ச்சு விடுவா?

டாக்டர்: யாரும் கிட்டவே போக மாட்டாங்க.

வாலு: என் இடது பக்கம் மாதிரி.

டாக்டர்: ...சரியாச் சொன்ன.

அப்பா: வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேக்கும்.

வாலு: டாக்டர், உங்க பல்லை யாரு பாப்பா?

டாக்டர்: எனக்கு ஒரு டாக்டர் இருக்காரு. அவர்கிட்ட நானும் திறக்க மாட்டேன்னுதான் சொல்வேன். சார், ராத்திரி பால் குடிச்சுக்கிட்டே தூங்குவாளா?

அப்பா: மூணு வயசு வரைக்கும் பாட்டிலும் கையுமாத்தான் தூங்குவா. என்ன பண்றது டாக்டர்? பொறந்தப்ப உறிஞ்சவே வராது. வெறும் காத்துதான் உள்ள போகும். எடை ஏறினாத்தான் ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. அப்பலேர்ந்து இவ என்ன கேட்டாலும் எங்க வாயில இல்லைன்னே வராது. பால், பிஸ்கட்டு... இதுல சுண்டுக்கு வேற பங்கு.

டாக்டர்: சுண்டு யாரு? தம்பியா?

அப்பா: அட, அப்படி யாரும் இல்ல டாக்டர். இவளாக் கிளப்பிவிட்ட ஆளு. கண்ணுக்குத் தெரியாது. பிஸ்கட்டுல கடைசித் துண்டு சுண்டுக்கு. படுக்கப் போறப்ப சுண்டுக்கு டாட்டா. நானும் சொல்லணும், இல்லைன்னா தூங்க மாட்டா.

வாலு: அப்பா! யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னேன்ல?

டாக்டர்: நான் வெளிய விட மாட்டேன். சுண்டுக்கு பிஸ்கட்டு புடிக்குமா?

வாலு: சாப்பிடாது. சும்மா வச்சிருக்கும்.

டாக்டர்: கஞ்சப் பயலா இருப்பான் போல. சரி... சார், நேரடியாச் சொல்லிடறேன். அந்த உதட்டை இன்னிக்குத் தூக்கிப் பாத்தே ஆகணும். சொத்தை இருந்து அது மேலோட்டமா இருந்தா, இந்த நாற்காலியிலயே சுத்தம் பண்ணி மூடிடலாம். விட்டுட்டா வேருக்குப் போயிடும். அப்புறம் ஆஸ்பத்திரியில சேத்து, மயக்கம் குடுத்துத்தான் செய்யணும்.

அப்பா: மயக்கம் வேணாம். டாக்டர், அது மட்டும் வேணாம். ஒரு தடவை அந்தக் கதவுக்கு வெளிய நின்னது இந்த ஜென்மத்துக்குப் போதும்.

டாக்டர்: அதனாலதான் இன்னிக்கே பாக்கணும்ங்கிறேன்.

வாலு: டாக்டர், குட்டியா இருக்கிற பல்லையெல்லாம் பிடுங்கிடுவீங்களா?

டாக்டர்: ஏன் கேக்கிற?

வாலு: சும்மா.

டாக்டர்: யாருக்கும் தொந்தரவு பண்ணாத பல்லுகிட்ட நான் எதுக்குப் போறேன்?

வாலு: சத்தியமா?

டாக்டர்: சத்தியமா.

வாலு: ...சரி. ஆனா மெதுவா.

டாக்டர்: இது என் விரல். உதட்டு மேல வைக்கட்டுமா?

வாலு: ம்.

அப்பா: பாத்து டாக்டர்... அந்தக் கோடு இருக்கில்ல, அதுகிட்ட...

டாக்டர்: நீங்க மூச்சு விடுங்க சார். அவ நல்லாத்தான் விடுறா. ம்... இதோ... அடேயப்பா.

அப்பா: என்ன? விட்டுடுச்சா?

டாக்டர்: எது?

அப்பா: தையல்.

டாக்டர்: ...சார், நீங்க என்ன வேலை பாக்கிறீங்க?

அப்பா: டெய்லர். ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன். அதனாலதான் சொல்றேன் டாக்டர். உங்களுக்குப் பல்லு தெரியும். எனக்குத் தையல் தெரியும். எப்பேர்ப்பட்ட நூலா இருந்தாலும் இழுபடுற எடத்துல ஒரு நாள் விட்டுடும். பாக்கெட் மூலை, அக்குள்... ஓடியாடுற புள்ளைங்க துணியெல்லாம் வருஷம் முடியிறதுக்குள்ள திரும்பி வந்துடும். இவ வாயோ ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. இத்தனை வருஷம் தாங்கினதே பெரிசு.

டாக்டர்: எது தாங்கினது?

அப்பா: உள்ள இருக்கிற நூல்தான்.

டாக்டர்: உள்ள நூலே இல்லையே.

அப்பா: இல்லையா?

டாக்டர்: வெளிய போட்டதை அப்பவே எடுத்திருப்பாங்க. உள்ள போட்டது தானாக் கரைஞ்சிருக்கும். இவ தவழ ஆரம்பிச்சப்ப ஒரு இழைகூட இருந்திருக்காது.

அப்பா: அப்ப... இவ்வளவு நாளா எது புடிச்சுக்கிட்டு இருக்கு?

டாக்டர்: அவதான்.

அப்பா: இவளா?

டாக்டர்: துணி ஒட்டாது சார். தோல் ஒட்டிக்கும்.

வாலு: ஆ... ஆ...

டாக்டர்: பேசணுமா? இந்தா, கையை எடுத்துட்டேன்.

வாலு: அப்ப நான் பலூன் ஊதலாமா? அப்பா ஊதவே விடாது. விசிலும் அடிக்கக் கூடாதாம். அழுதாக்கூட வாயை மூடிக்கிட்டு அழணுமாம்.

டாக்டர்: தாராளமா ஊது. வெடிச்சா பலூன்தான் வெடிக்கும்.

வாலு: நீங்களும் என்னை வாலுன்னே கூப்பிடலாம்.

டாக்டர்: ரொம்ப சந்தோஷம்.

அப்பா: யாரும் சொல்லல டாக்டர். தொடாதீங்கன்னு சொன்னாங்க. கட்டு பிரிச்சாங்க, வீட்டுக்கு அனுப்பினாங்க. இனிமே தொடலாம்னு யாரும் சொல்லல.

டாக்டர்: சொல்லியிருக்கணும். நான் சொல்றேன். இனிமே தொடலாம்.

அப்பா: ...சரிங்க.

டாக்டர்: இப்பப் பல்லுக்கு வருவோம். முன்பல் ஒண்ணுல சொத்தை. ஆழமில்ல. இன்னிக்கே மூடிடலாம், மயக்கம் தேவையில்ல.

அப்பா: அப்பாடா.

டாக்டர்: இருங்க. நான் மூடிட்டா மட்டும் ஆச்சா? வீட்டுல தினமும் அந்த உதட்டைத் தூக்கி, பாத்து, தேய்க்கணும். இல்லைன்னா மறுபடி அதே எடம்தான். அப்ப நான் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் குடுக்கணும். அதனால, நான் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை தேய்ச்சுக் காட்டுங்க.

அப்பா: நானா? இப்பவா? நாளைக்கு அவ அம்மாவுக்கு லீவு... அவளை வேணா...

டாக்டர்: தினமும் தேய்க்கிறது யாருன்னு சொன்னீங்க?

வாலு: அப்பா, போய்க் கையைக் கழுவிட்டு வா.

அப்பா: வரேன், வரேன்...

டாக்டர்: ...சார், அந்த சோப்பை எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க.

அப்பா: நகத்துல நூல் பிசிறு இருக்கும் டாக்டர், அதான்.

வாலு: வா அப்பா. நான் ஆடாம இருக்கேன்.

டாக்டர்: ஆள்காட்டி விரல். உதட்டுக்கு உள்பக்கம் குடுங்க. அப்படித்தான். இப்ப மேல தூக்குங்க... இன்னும்... காலரைத் திருப்பிப் பாப்பீங்கல்ல, அது மாதிரி.

அப்பா: மெத்துனு இருக்கு டாக்டர்.

டாக்டர்: உதடு மெத்துனுதான் இருக்கும்.

அப்பா: மடிச்சுத் தைச்ச எடம் மாதிரி வெறப்பா இருக்கும்னு நினைச்சிருந்தேன்.

டாக்டர்: முதலையைப் பாக்காதீங்க. இங்க பாருங்க. என்ன தெரியுது, சொல்லுங்க.

அப்பா: ஈறு... இது சொத்தை... இதென்ன டாக்டர்? நடுவுல, உள்ள தள்ளி, ஒருக்களிச்சுக்கிட்டு... சட்டைப் பித்தானைவிடச் சின்னதா?

டாக்டர்: அது கூடுதலா முளைச்ச பல்லு. பிளவு இருந்த பக்கம் அப்படித்தான். சில குழந்தைங்களுக்கு ஒரு பல்லு வராமலே போகும். சிலருக்கு ஒண்ணு கூடவே வந்துடும், எடம் மாறி, திரும்பிக்கிட்டு. இப்போதைக்கு அது பாட்டுக்கு இருக்கட்டும். பெரிய பல்லு வர்ற வயசுல ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்டயும் கேட்டு முடிவு பண்ணலாம். ஆனா அந்த இடுக்குலதான் எல்லாம் போய் அடைஞ்சுக்குது.

அப்பா: இது எப்ப வந்துச்சு?

டாக்டர்: வந்து ரொம்ப நாளாச்சு சார். ரெண்டு வருஷம்கூட இருக்கும்.

அப்பா: ரெண்டு வருஷமா! தினமும் தேய்க்கிறேன் டாக்டர்... என் கண்ணுல படவே இல்லையே...

வாலு: ஊ... ஊண்...

டாக்டர்: விரலை எடுங்க, ஏதோ சொல்றா.

வாலு: சுண்டு மேல இடிச்சுட்ட அப்பா.

அப்பா: ...இதுவா சுண்டு?

வாலு: பிஸ்கட்டை வச்சிருக்கும்னு சொன்னேன்ல?

அப்பா: இது இங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?

வாலு: உதட்டைத் தூக்கிப் பாத்தேன். பிச்சுக்கல.

அப்பா: எப்போ? கண்ணாடி முன்னாடி உன்னைத் தனியா விட்டதே இல்லையேடி. நான் பக்கத்துலயேதானே நிக்கிறேன்?

வாலு: ஆமா. அந்தப் பக்கம் வந்ததும் பிரஷை எடுத்துட்டு நீ கண்ண மூடிக்குவ இல்ல... அப்பதான் நானும் சுண்டும் பாத்துக்குவோம்.