பத்தில் பிடித்து அளந்த சுவர்

— 'பன்னிரண்டாம் தேதி, ஞாயிறு. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். சமையலறைச் சுவரை அளந்தபோது அவர் டேப்பைத் தொடக்கத்தில் வைக்காமல் பத்தாவது சென்டிமீட்டரில் பிடித்திருந்தார். நான் அந்தப் பத்தைக் கழிக்காமல் எழுதிவிட்டேன். ஆகவே சுவரின் நீளம் இருநூற்று நாற்பது அல்ல, இருநூற்று முப்பது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.' ஏய் கணக்குப்புள்ள, அளவு நோட்டு கேட்டா டைரியைக் குடுத்திருக்கே.

— ரெண்டும் ஒரே நோட்டுதான். பின்பக்கத்துலேர்ந்து திருப்பினா அளவு இருக்கும். முன்பக்கத்தை எதுக்குப் படிக்கறே?

— படிச்சதும் நல்லதுதான். நாப்பதுன்னு நெனச்சு அலமாரி அடிச்சிருந்தா, கதவு போய் ஃபிரிட்ஜ்ல முட்டிக்கிட்டு நிக்கும்.

— பத்துல புடிச்சது நீ. நான் என்ன கனவா கண்டேன்?

— பட்டறையில எல்லாருமே அப்படித்தான் புடிப்போம். டேப் முனையில ஒரு கொக்கி இருக்குல்ல, அது ஆடும். கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டும். அதனால பத்துல ஆரம்பிச்சு, கடைசியில பத்தைக் கழிச்சுடறது. அலமாரி வேலை பாக்கறவனோட ரெண்டு வருஷமா குடித்தனம் பண்றே, இதுகூடத் தெரியல.

— கழிக்கறவனுக்குத் தெரியும். எழுதறவளுக்கு யாராவது சொன்னாத்தானே?

— சரிம்மா, தப்பு என்னோடது. இப்ப அந்த முனையைப் புடி, இன்னொரு தடவை பாத்துடலாம். வீட்டுத் தரகர் ஆறு மணிக்கு வந்து நிப்பாரு.

— இது கீழ வாட்ச்மேன் வச்சிருந்த டேப்தானே? உன்னோடது எங்க? ஞாயித்துக்கிழமையும் இதைத்தான் கேட்டு வாங்கினே.

— பட்டறையில கெடக்கு. சுவத்தை அளக்க எந்த டேப்பா இருந்தா என்ன? ம்... பாரு. இருநூத்தி முப்பது. அவ்ளோதான். அடுப்பு இந்தப் பக்கம், தொட்டி ஜன்னலுக்குக் கீழ. மேல ரெண்டு வரிசை அலமாரி. மூணு நாள்ல முடிச்சுடுவேன்.

— ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுத் துணிக்கொடி கைக்கு எட்டும் போலிருக்கு.

— எட்டட்டுமே. நம்ம ஜன்னல். அண்ணன் வீட்டு முன்னறையில பாய் விரிக்கறதுக்கு, அவங்க டீவி நிறுத்தற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்ல? அண்ணிக்கு அடுத்த மாசம் பிரசவம். அந்த அறையை எப்போ காலி பண்ணுவீங்கன்னு வாய்விட்டுக் கேக்கல, அவ்ளோதான். நேத்து தொட்டிலைக் கொண்டுவந்து என் தலையணை பக்கத்துல வச்சிருக்காங்க.

— பாத்தேன். என் புத்தகத்தையெல்லாம் அதுக்குள்ளதான் அடுக்கி வச்சிருக்கேன்.

— முன்பணம் ஒரு லட்சம் பத்திரமா இருக்கா?

— பையில இருக்கு. மூணு தடவை எண்ணினேன். மூணாவது தடவை ஒரு தாள் குறைஞ்சுது, மறுபடி எண்ணினேன், சரியா வந்துது.

— நீ எண்ணினா அப்படித்தான். இரு... அடுத்த பக்கத்துலயும் என்னமோ எழுதியிருக்கியே. 'பதினாறாம் தேதி, வியாழன். ஞாயிற்றுக்கிழமைத் தவறைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நானும் இரண்டு வருடமாக ஓர் அளவைத் தவறாகவே சொல்லி வருகிறேன். அவர் அதை நம்பித்தான்...' என்னை நம்ப வச்ச அளவு எது?

— நோட்டைக் குடு.

— சொல்லு முதல்ல.

— குடு. படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டாம், நானே சொல்றேன்... என்னோட படிப்புக் கடன் ஒண்ணு இல்ல. ரெண்டு.

— என்னது?

— கல்லூரிக் கட்டணத்துக்கு வாங்கினது ஒண்ணு. அது உனக்குத் தெரியும், மாசம் அஞ்சாயிரம். கடைசி ரெண்டு வருஷம் விடுதிக்கும் பயிற்சிக்கும் ஒரு தனியார் ஃபைனான்ஸ்ல இன்னொண்ணு வாங்கினேன். அதுக்கு மாசம் நாலாயிரம்.

— நாலாயிரமா? உன் மருந்துக்கடைச் சம்பளத்துல நாலாயிரம் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியுமே. சாயங்கால வகுப்புக்குத்தானே கட்டறே?

— சாயங்கால வகுப்பு நூலகத்துல நடக்குது. கட்டணமே கிடையாது. நோட்டு மட்டும் நாம கொண்டுபோகணும்.

— ரெண்டு வருஷமா, மாசாமாசம் என் மூஞ்சியைப் பாத்து வகுப்புக் கட்டணம்னு சொல்லிட்டிருந்தே.

— ஆமா.

— வகுப்பு இந்த மாசத்தோட முடியுது, அந்த நாலாயிரம் கைக்கு வரும்னு சொன்னதும் நீதான். அதையும் சேத்துத்தான் வீட்டுக் கணக்கே போட்டோம். அந்தக் கணக்கை உக்காந்து போட்டது யாரு? கோடு கிழிச்சு, சிவப்பு பேனா பச்சை பேனான்னு ரெண்டு கலர்ல?

— நான்தான்.

— எதுக்கு மறைச்சே?

— பொண்ணு பாக்க வந்தன்னிக்கு உங்க அண்ணி கேட்டாங்க ஞாபகமிருக்கா? 'படிப்பு பெருசா இருக்கே, கடனும் பெருசா?'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டு, ஒரு சின்னக் கடன்தான்னு சொல்லிட்டேன். அப்புறம் திருத்தறதுக்குச் சரியான நாள் பாத்துட்டே இருந்தேன். அப்படி ஒரு நாள் வரவே இல்ல.

— இந்தா பாரு, நான் பத்தாவது முடிச்சதும் ரம்பம் புடிச்சவன். ஒருத்தன்கிட்ட ஒத்தைப் பைசா கடன் கிடையாது. படிச்சவளைக் கட்டிக்கிட்டான்னு ஊரே சொல்லுது. படிச்சவ படிச்சது இதைத்தானா?

— சொல்லு. அதெல்லாம் நான் கேட்டுத்தான் ஆகணும்.

— பேங்க் படிவத்துல என்ன எழுதினே?

— ஒரு கடன்னுதான். இந்த வாரம் பூரா அதைத்தான் யோசிச்சுட்டிருக்கேன். ரெண்டு பேர் கைக்கு வர்ற சம்பளத்துல பாதிக்கு மேல தவணை போகக் கூடாதுன்னாங்க. உன்னோடது முப்பத்திரெண்டு, என்னோடது இருபத்திரெண்டு. மொத்தம் அம்பத்திநாலு, பாதி இருபத்தியேழு. வீட்டுத் தவணை பத்தொம்பது, படிப்புக் கடன் அஞ்சு. இருபத்திநாலு. உள்ள அடங்குது. இன்னொரு நாலையும் சேத்தா இருபத்தியெட்டு.

— ஆயிரம் தாண்டுது.

— ஆயிரம் தாண்டுது. அவங்க விசாரிச்சா அந்தக் கடன் தெரிஞ்சுடும். படிவத்தைத் திருப்பிடுவாங்க. பேங்க் குடுக்கலைன்னா முன்பணம் திரும்பக் கிடைக்காதுன்னு தரகர் முதல் நாளே சொல்லிட்டாரு.

— ஆக, வீடும் இல்ல, ரெண்டு வருஷம் சேத்த லட்சமும் இல்ல.

— அதனாலதான் ஆறு மணிக்கு முன்னாடி சொல்லணும்னு இருந்தேன். நீயே படிச்சுட்டே.

— முதல்ல கடனை அடைச்சுட்டு அப்புறமா வாங்கலாம்னு சொல்லப் போறியா?

— போட்டுப் பாத்தேன். ரெண்டும் அடைய அஞ்சரை வருஷம் ஆகும். அதுவரைக்கும் வெளிய குடியிருந்தா வாடகையே இந்த வீட்டு விலையில கால்வாசி போயிடும். விலை ஏறாம இருந்தா. வாங்கினாலும் நஷ்டம், வாங்காட்டியும் நஷ்டம். எந்த நஷ்டம் சின்னதுன்னுதான் தெரியல. ரெண்டு மூணு விதமா போட்டேன், ஒவ்வொரு தடவையும் வேற வேற பதில் வருது. என் கணக்குலயே எனக்கு நம்பிக்கை இல்ல.

— இனிமே கணக்கே போட வேணாம். வாங்கிடலாம்.

— ஒரு நிமிஷம். இப்பத்தானே கோவப்பட்டே?

— கோவம் கோவமா இருக்கட்டும், அதை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். ஆயிரம்தானே தாண்டுது? ஞாயித்துக்கிழமை வெளி வேலை ரெண்டு புடிச்சா வந்துட்டுப் போகுது. உன் ரெண்டாவது கடனையும் படிவத்துல எழுதிடு, என் சம்பளத்தை முப்பத்தஞ்சுன்னு போட்டுக்கோ.

— முப்பத்தஞ்சுன்னு எழுதினா சம்பளச் சீட்டு கேப்பாங்க. இந்த மாசச் சீட்டே இன்னும் குடுக்கல நாம.

— முதலாளி ஊர்ல இல்ல. வந்ததும் வாங்கித் தர்றேன்.

— ஊர்ல இல்லையா?

— ஆமா. என்ன, அதுக்கும் சாட்சி வேணுமா? பொய் சொன்னது நீ, குறுக்குக் கேள்வி கேக்கறதும் நீயா?

— கோவிச்சுக்காதே. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உன் பக்கத்துல கழிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

— புரியல.

— பத்துல புடிச்சு சொல்லியிருந்தா, இப்பவே கழிச்சுடலாம். நான் என்னோடதைச் சொல்லிட்டேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்குவேன், இந்த வீட்டைவிட்டு வெளிய போறதுக்குள்ள.

— என்னோட அளவு சுத்தமா இருக்கு. முப்பத்திரெண்டுன்னா முப்பத்திரெண்டுதான்.

— சரி.

— என்ன அப்படிப் பாக்கறே?

— உன் சட்டையைப் பாக்கறேன். முன்னாடியெல்லாம் துவைக்கப் போடறதுக்கு முன்னாடி மாடிக்கு எடுத்துட்டுப் போய் மரத்தூளை உதறுவேன். கொஞ்ச நாளா உதறவே வேண்டியதில்ல.

— இப்பல்லாம் பலகையை மெஷின்லயே அறுத்து அனுப்பிடறாங்க. நமக்கு திருகாணி முடுக்கற வேலை மட்டும்தான். விடு அதை. அந்தாளு வர்ற சத்தம் கேக்குது. பணத்தை எடு.

— சார், தங்கச்சி, உள்ள வரலாமா? தப்பா நினைக்காதீங்க, ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன். கீழ இன்னொரு ஜோடி கார்லயே உக்காந்திருக்காங்க. உங்களுக்குத்தான் முதல்ல வாக்குக் குடுத்தேன், அதனால உங்ககிட்ட கேட்டுட்டு அப்புறம் அவங்க. சமையலறை எல்லாம் அளந்தாச்சா?

— அளந்தாச்சு. இருநூத்தி முப்பது.

— நான் நாப்பதுன்னு சொன்னேன்ல? தப்பா நினைக்காதீங்க, பூச்சு போக முப்பதா இருக்கும். சார், முன்பணம் ரெடியா? ரசீது எழுதிக்கிட்டு வந்திருக்கேன், பேர் மட்டும் போடணும்.

— ரெடியா இருக்கு. பையைக் குடும்மா.

— ஐயா, பேங்க்ல லோன் கிடைக்கலைன்னா இந்தப் பணம் என்ன ஆகும்?

— தங்கச்சி, அதை முதல்லயே சொன்னேனே. வீட்டுக்காரர் திருப்பித் தரமாட்டாரு. அவரும் நாலு பேரைத் திருப்பி அனுப்பிட்டு உங்களுக்காக நிக்கறாரு. தப்பா நினைக்காதீங்க.

— தப்பா நினைக்கல. இந்தாங்க.

— இது சாவி, தங்கச்சி.

— சாவிதான். நாங்க வாங்கல. கீழ இருக்கறவங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க.

— ஏய், என்ன பண்றே? சார், ஒரு நிமிஷம், அவ சும்மா...

— அவர் பேசறதைக் கேக்காதீங்க ஐயா. கடன் என் பேர்ல இருக்கு. அது பேங்க் கணக்குக்கு மேல போகுது. அதனால வேண்டாம்.

— அப்படியா... சரி. புருஷன் பொண்டாட்டி விஷயத்துல நான் நடுவுல வர மாட்டேன். அந்த ஜோடியைக் கூப்பிடறேன். நீங்க மெதுவா வாங்க, கதவைச் சாத்திட்டு வந்தா போதும்.

— ...போயிட்டாரு. சந்தோஷமா? அடுத்தவன் முன்னாடி என் வாயை அடைச்சுட்டே.

— வேற வழி தெரியல.

— ஆயிரம் ரூபாய்க்காக. வெறும் ஆயிரம். நான் சமாளிக்கறேன்னு சொன்னேனா இல்லையா? உன்கிட்ட இருக்கறது நம்பிக்கை இல்ல, நோட்டுதான். அண்ணிகிட்ட இப்ப என்ன சொல்றது? தொட்டில்லேர்ந்து உன் புத்தகத்தையெல்லாம் எடுத்துட்டு வீதியில உக்காரலாமா?

— என் கடனாலதான்னு சொல்லு. படிச்ச புள்ள ரெண்டு கடன் வச்சிருந்தா, ஒண்ணை மறைச்சுட்டா, அதனால வீடு போச்சுன்னு சொல்லு. அண்ணன்கிட்டயும் அப்படியே சொல்லு. நான் பக்கத்துலயே நிக்கறேன்.

— சொல்லத்தான் போறேன். என்னை எதுக்குக் குத்தம் சொல்லணும்? நான் என்ன பண்ணினேன்?

— உன்னை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. நோட்டைத் தா. இன்னிக்குள்ளதை இங்கயே எழுதிடறேன், கொஞ்சம் வெளிச்சம் இருக்கு.

— இப்பவா? இந்த வெறும் தரையில உக்காந்தா?

— வெறும் தரையில எழுதறது எனக்குப் பழக்கம்தான். 'பதினேழாம் தேதி, வெள்ளி. என் இரண்டாவது படிப்புக் கடனை அவரிடம் சொல்லிவிட்டேன். அதனால் இந்த வீட்டை வாங்கவில்லை. முன்பணம் பத்திரமாக இருக்கிறது. தவறு என்னுடையது.' சரியா இருக்கா?

— ...ம்.

— உனக்கு ஏதாவது சேக்கணுமா?

— என்னத்தைச் சேக்கறது? நீ எழுதினா எழுதினதுதான். எழுந்திரு, அவங்க மேல வர்றாங்க.

— ஒரு வரி மிச்சம் இருக்கு. தினமும் கடைசியில மறுநாள் வேலையை எழுதணும், இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது.

— வேற வீடு தேடணும்னு எழுது. அவ்ளோதான்.

— 'நாளை, சனி. காலை எட்டரை மணிக்கு இருவரும் பட்டறைக்குப் போக வேண்டும். நேற்று எங்கள் கடைக்கு மருந்து வாங்க வந்த பட்டறை முதலாளி சொன்னபடி, அவரை வேலையிலிருந்து நிறுத்தி இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. தர வேண்டிய பாக்கிச் சம்பளத்தையும், அங்கேயே வைத்திருக்கும் அவருடைய டேப்பையும் கருவிப் பெட்டியையும் கேட்டு வாங்கி வர வேண்டும்.'