வெள்ளையாக விட்ட இடம்

— சிவப்பைத் தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா, மோளிச் சேச்சி?

— ஆபத்துன்னா சிவப்புதானே அஷிதா? நீதானே கிளாஸ்ல சொன்னே, படத்தைப் பார்த்த உடனே ஆளுக்குப் புரியணும்னு.

— புரிஞ்சுதே. நேத்து இந்தப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல ஒட்டினதும் எல்லாருக்கும் நல்லாப் புரிஞ்சுது. என்ன புரிஞ்சுதுன்னு நீங்களே சொல்லுங்க.

— அதை ஏன் கேக்கறே கொச்சே. மேல் குன்று சிவப்பு, நடுவுல காவி, கீழ பச்சைன்னு போட்டேன். டீக்கடை பேபி வந்து பார்த்தான். "அடேயப்பா, இந்தத் தடவை மேல் குன்று மொத்தமும் நம்ம கட்சிக்கா?"ன்னு கைதட்டினான்.

— அப்புறம்?

— அப்புறம் பச்சைக்கொடிக்காரங்க வந்தாங்க. எங்களுக்கு எப்படி இத்தனூண்டு இடம் போடலாம்னு சண்டை. காவிக்காரங்க வந்து, "பரவாயில்ல, நடுவுல நுழைஞ்சுட்டோம்"னு ஒரே சந்தோஷம். மெம்பர் ஜார்ஜுட்டிக்குத்தான் கண்ணு செவந்து போச்சு. "தேர்தல் வர நேரத்துல என் பொழப்புல மண்ணள்ளிப் போடறியா?"ன்னு சுருட்டிக் கிழிச்சுட்டுப் போனார்.

— மலை சரியப் போகுதுன்னு ஒருத்தர்கூடப் படிக்கலை.

— ஒருத்தர்கூடப் படிக்கலை. என் ஈசோயே, நான் ராவெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ந்து போட்ட படம்!

— அப்ப கலர் நமக்கு உதவாது.

— நீலம் போடலாமே.

— அது யாரோட கொடி?

— அதுவும் ஒருத்தருக்கு இருக்கு. கறுப்பு?

— கறுப்புக்கொடி காட்டறாங்கன்னு போலீஸ் ஜீப் வரும். நம்ம ஊர்ல சும்மா கிடக்கிற கலர்னு ஒண்ணு இல்ல சேச்சி. கலரையே விட்டுடலாம். ஆபத்தான இடம் பூரா சாய்வுக் கோடு போடுங்க. மத்த இடம் வெறும் வெள்ளை.

— வெறும் வெள்ளையா? படம் பட்டினி கிடக்கிற மாதிரி இருக்காது?

— இருக்கட்டும். கண்ணுக்கு ஓட இடம் வேணும். அந்த மூலையில சிரிச்சுட்டு இருக்கிறது யாரு?

— பஞ்சாயத்து பிரசிடென்ட். போட்டோ இல்லாம ஒரு நோட்டீஸ் இந்தப் படி இறங்கினதில்லையே.

— மலை சரியுதுன்னு சொல்ற படத்துல ஒருத்தர் எதுக்குச் சிரிக்கணும்? எடுங்க.

— என் வேலை போயிடும்.

— வீடு வீடாப் போற ஆஷா சுகாதார வேலையை அவரா கொடுத்தார்? எடுங்க சேச்சி. நான் சொன்னேன்னு சொல்லுங்க. கோட்டயத்துப் பேப்பர்ல படம் போடற பொண்ணு பெரிய திமிர் பிடிச்சவன்னு சொல்லுங்க.

— அதை நான் முன்னாடியே சொல்லியாச்சு.

— சந்தோஷம். இப்பத் தலைப்பைப் படிங்க.

— "இயற்கைப் பேரிடர் முன்னெச்சரிக்கை மற்றும் விழிப்புணர்வு விளக்கப் படம்."

— மூச்சு வாங்குது பாருங்க. இதைப் படிக்கிறவன் என்ன செய்யணும்?

— இறங்கிப் போகணும்.

— அதை எழுதுங்க. மழை இன்னிக்கு இருட்டினதும் வலுக்கும்னு அறிவிப்பு வந்தாச்சு. அதுக்குள்ள அவங்க இறங்கியாகணும். பேரிடர் மேலாண்மை படிக்க அவங்களுக்கு நேரமில்ல.

— "கோடு போட்ட இடத்தில் உங்கள் வீடு இருந்தால், இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்." இது போதுமா?

— அருமை. பெரிசாப் போடுங்க. கண்ணு முதல்ல அங்கதான் விழணும். அடுத்தது படம். கடைசியா, எங்க போகணும்னு ஒரு அம்பு. இந்த மூணைத் தவிர வேற எதுவும் அதுல இருக்கக் கூடாது.

— மைக் கட்டின ஜீப் காலைல இருந்து கத்திட்டுத்தானே போகுது? அதைக் கேட்டு ஒருத்தனும் அசையலையே, படத்தைப் பார்த்தா அசையப் போறான்?

— ஜீப்புல என்ன சொல்றாங்க?

— மேல் குன்று ஆளுங்க இறங்கணும்னு.

— மேல் குன்றுன்னா எது?

— அதான் கஷ்டம். குரியனைக் கேட்டா அவன் வீட்டுக்கு மேல இருக்கிற தேவசியா வீட்டைக் காட்டறான். தேவசியாவைக் கேட்டா அவனுக்கும் மேல கையைக் காட்டறான். ஆளாளுக்கு மேல் குன்றுன்னா அடுத்தவன் வீடுதான்.

— அதுக்குத்தான் படம். படத்துல அவனவன் வீடு அவனவனுக்குத் தெரியும். அது சரி, சர்வே நம்பர் எதுக்கு இத்தனை எழுதியிருக்கீங்க?

— புவியியல் ஆபீஸ்காரங்க கோடு போட்டுக் கொடுத்த வரைபடத்துல அப்படித்தான் இருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் நான் போட்டேன்.

— தேவசியாவுக்கு அவர் சர்வே நம்பர் தெரியுமா?

— அவன் பொண்டாட்டி பொறந்த வருஷமே அவனுக்குத் தெரியாது.

— அப்ப அவருக்குத் தெரிஞ்சதைப் போடுங்க. சிலுவை நிக்கிற குருசடி, பால் சொசைட்டி, ரேஷன் கடை வளைவு, பாலம்.

— குருசடியே கோட்டுக்குள்ள வருதே! புண்ணியாளனையே ஆபத்துல நிறுத்திட்டோம்னு சர்ச் அச்சன் கோவிச்சுக்கப் போறார்.

— அவரையும் இறங்கச் சொல்லுங்க. அம்பு எங்க போகுது?

— பாலத்தைத் தாண்டி, இந்தப் பக்கம், பள்ளிக்கூடத்துக்கு. அங்கதான் முகாம். கஞ்சிக்கு அடுப்புகூட மூட்டியாச்சு.

— நல்லாருக்கு. நில்லுங்க, அதுக்கு மேல ஒண்ணும் போடாதீங்க. அந்த மேகம் எதுக்கு?

— மழைன்னு தெரிய வேண்டாமா?

— ஜன்னலைத் திறந்தாத் தெரியுமே.

— உனக்கு இரக்கமே கிடையாது கொச்சே. அன்னிக்கு பிளாக் ஆபீஸ் கிளாஸுக்கு நான் வந்ததே பிரியாணி போடறாங்கன்னுதான். இப்படி மாட்டிப்பேன்னு தெரிஞ்சிருந்தா வீட்டுல கப்பைக்கிழங்கும் மீனும் தின்னுட்டுப் படுத்திருப்பேன்.

— அன்னிக்கு வந்தவங்கள்ல படம் போட்டது நீங்க மட்டும்தான் சேச்சி. மத்தவங்க பிரியாணியோட போயிட்டாங்க. சரி, இப்பப் பரீட்சை. விளக்கம் ஒரு வரிகூட எழுதாம ஊர்க்காரங்களுக்கு அனுப்புங்க. நாம வாயைத் திறந்து சொல்லித்தான் புரியும்னா படம் தோத்துப் போச்சுன்னு அர்த்தம்.

— பால் சொசைட்டி வாட்ஸப் குரூப்புல போடட்டுமா? மேல் குன்று மொத்தமும் அதுலதான் கிடக்கு.

— போடுங்க.

— போட்டாச்சு. பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படிக் காத்துக் கிடக்கலை.

— யாராவது எழுதறாங்களா?

— பேபி. "நான் கோட்டுக்குள்ள இருக்கேன். பெட்டி கட்டறேன்."

— பார்த்தீங்களா!

— தேவசியா பொண்டாட்டி குரல் அனுப்பியிருக்கா. கேளு, அழறா. "குருசடிக்குக் கீழ இருக்கிறது எங்க வீடுதானே, நாங்களும் இறங்கறோம்"கறா. என் ஈசோயே, ரெண்டு வருஷமா நான் வீடு வீடாப் போய்த் தொண்டை கிழியச் சொன்னேன். இந்தக் கோடு ஒரு நிமிஷத்துல சொல்லிடுச்சு.

— கட்சி கேக்கறாங்களா?

— ஒருத்தனும் கேக்கலை. குரியன்கூட மாட்டை அவிழ்க்கறானாம். அவன் பொண்டாட்டி சொல்லுக்கே அசையாதவன்.

— நீங்க ஜெயிச்சுட்டீங்க சேச்சி. இனி பெரிசா அச்சடிச்சு ரேஷன் கடையிலயும் சொசைட்டியிலயும் ஒட்டிடலாம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. தள்ளி வந்து நில்லுங்க. கண்ணைப் பாதி மூடிட்டுப் பாருங்க.

— எதுக்கு?

— எழுத்தெல்லாம் மறைஞ்சு உருவம் மட்டும் நிக்கும். தப்பு இருந்தா அப்பத்தான் தெரியும். என்ன தெரியுது?

— பப்படம் மாதிரி ஒரு வட்டம்.

— கடிச்ச பப்படம். கீழ் ஓரத்துல ஒரு வாய் கடிச்சிருக்கு பாருங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம், சரிவுல. கோடு உள்ள போய் வளைஞ்சு வெளிய வந்திருக்கு.

— மௌஸ் வழுக்கியிருக்கும். எனக்குக் கை நடுங்கும்னு உனக்குத் தெரியுமே.

— கை நடுங்கினா கோடும் நடுங்கியிருக்கும். இது நிதானமாச் சுத்திட்டு வந்திருக்கு. அங்க என்ன இருக்கு?

— ரப்பர் ஷீட் காயப் போடற ஷெட்.

— ஷெட்டைச் சுத்தியா மலை இறங்கும்?

— அச்சுக்கு அனுப்பு கொச்சே. நேரமாகுது.

— சேச்சி. அங்க என்ன இருக்கு?

— வீடு.

— யாரோடது?

— எங்களோடது.

— ஆபீஸ்காரங்க போட்ட கோட்டுல அது உள்ளதானே இருந்துச்சு?

— நீ சின்னப் பொண்ணு. உனக்குக் கோடு தெரியும். என் வீட்டுக்காரர், எங்க இச்சாயனைத் தெரியாது.

— சொல்லுங்க. தெரிஞ்சுக்கறேன்.

— எங்க பழைய வீடு இன்னும் மேல இருந்துச்சு. நான் கல்யாணமாகி வந்த புதுசு, பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுல இருந்தேன். கயிறு அறுத்துட்டு ஓடின மாட்டைப் பிடிக்க இச்சாயன் வெளிய போனார். திரும்பிப் பார்த்தா வீடு இல்ல. அவர் அப்பனும் தம்பியும் உள்ள. அதுக்கப்புறம் மழைக்காலம் வந்தா அந்த மனுஷன் படுக்கவே மாட்டார். வாசல்ல நாற்காலி போட்டு, மடியில டார்ச்சை வெச்சுட்டு, விடியற வரைக்கும் மலையைப் பார்த்துட்டே இருப்பார்.

— அப்புறம் ஏன் அங்கயே இன்னொரு வீடு?

— வேற நிலம் எங்க இருக்கு? அவரே காலால மிதிச்சு மிதிச்சுப் பார்த்து இந்த இடத்தை எடுத்தார். "இது அசையாது மோளி"ன்னார். அதுக்கப்புறமும் தூக்கம் வரலை. இந்த வருஷம்தான் கொச்சே, இத்தனை வருஷத்துல முதல் தடவையா, மழைச் சத்தத்துல குறட்டை விடறார். அந்தக் குறட்டையைக் கேட்டுட்டு நான் பக்கத்துல முழிச்சுக் கிடப்பேன், சந்தோஷத்துல. அதை ஒரு கோடு போட்டு நிறுத்தச் சொல்றியா?

— அதுக்காக அவரை அங்கயே விட்டுட்டா வந்தீங்க?

— நான் என்ன பைத்தியமா? காலைலயே பாலம் தாண்டி என் தங்கச்சி வீட்டுக்குக் கிளப்பி விட்டுட்டேன். அவ பசு கன்னு போடாம கஷ்டப்படுதுன்னு பொய் சொன்னேன். மாடுன்னா அந்த மனுஷன் சோத்தைப் பாதியில விட்டுட்டு ஓடுவார். ஆடு, கோழி எல்லாம் நேத்தே தங்கச்சி வீட்டுல. வீடு காலி. ஒரு காலி வீட்டை வெள்ளையா விட்டா யாருக்கு என்ன நஷ்டம்? மழை நின்னதும் அவர் திரும்பி வருவார். அவருக்குத் தெரியவே வேண்டாம்.

— காலி வீடுன்னு உங்களுக்குத் தெரியும். படத்துக்குத் தெரியாது சேச்சி.

— ஒரு வீடுதானே.

— கோடு போட்டதை மட்டும் ஜனங்க படிக்கறதில்ல. போடாம விட்டதையும் படிப்பாங்க. கோடு இருந்தா ஓடுன்னு சொல்லிட்டோம். அப்ப வெள்ளைன்னா என்ன?

— வெள்ளைன்னா வெள்ளைதான்.

— சொல்லுங்க.

— நிக்கலாம்னு அர்த்தம்.

— அவ்வளவுதான். மௌஸைப் பிடிங்க. அந்த வளைவை நேராக்குங்க.

— நீ போடு. என் கை போக மாட்டேங்குது.

— நான் போட்டா அது என் படம். அவர் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். நான் கோட்டயம் பஸ்ஸேறிப் போயிடுவேன்.

— கல்நெஞ்சுக்காரி.

— பிடிங்க.

— இந்தா. போட்டாச்சு. என் அடுப்படி, என் கோழிக்கூடு, அவர் நட்ட ஜாதிக்கா மரம், எல்லாத்து மேலயும் போட்டாச்சு. போதுமா?

— கண்ணைத் துடைச்சுக்கோங்க. பழைய படத்தைக் குரூப்புல அழிச்சுட்டு இதைப் போடுங்க.

— சுத்திட்டே இருக்கு. போக மாட்டேங்குது. டவர் போச்சு போல.

— ஜன்னல் பக்கம் போய் நின்னு பாருங்க.

— ஒரு மணி நேரமா நின்னாச்சு, சிக்னல் ஒரு கட்டை வருது, போகுது. நில்லு, போன் வருது. இச்சாயன்தான். தங்கச்சி வீட்டுல பசு சும்மா நிக்கறதைப் பார்த்திருப்பார். திட்டப் போறார், நீயும் கேளு, ஸ்பீக்கர்ல போடறேன். இச்சாயா! போய்ச் சேர்ந்தாச்சா?

— எங்க சேர? கேக்குதா மோளி? வழியில சொசைட்டில பேசிட்டு நின்னுட்டேன். அதுக்குள்ள பாலத்துக்கு மேல தண்ணி. இடுப்பளவு போகுது. ஒருத்தரும் தாண்ட முடியாது.

— இப்ப எங்க இருக்கீங்க?

— வீட்டுலதான். வேற எங்க?

— இச்சாயா, உடனே வெளிய வாங்க. நான் சொல்றதைக் கேளுங்க—

— நீ முதல்ல நான் சொல்றதைக் கேளுடி. உன் படத்தைப் பார்த்தேன். குரியன்தான் காட்டினான். எவ்வளவு தெளிவா இருக்கு தெரியுமா! எனக்கே கண்ணாடி இல்லாமப் புரிஞ்சுது. கோட்டுக்குள்ள இருந்த அத்தனை பேரும் அம்புக்குறி பார்த்து இறங்கிட்டாங்க. பாலத்துகிட்ட வந்து பார்த்தா வழியில்ல. புள்ளைங்களும் சட்டிபானையுமா நடு ரோட்டுல மழையில நிக்கறாங்க, பாவம்.

— இச்சாயா—

— அப்பத்தான் நான் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் வெள்ளையா இருக்கிறது நம்ம வீடு ஒண்ணுதான். இந்த இடம் அசையாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேனே, இப்ப கவர்மெண்டே சொல்லுது. எனக்குத் துளிகூடப் பயமில்ல மோளி. மேல் குன்று மொத்தத்தையும் நம்ம வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்து உக்கார வெச்சாச்சு, கஞ்சி வைக்கணும், அரிசி எங்க வெச்சிருக்கே?