பத்தாம் நம்பர் ஸ்பேனரும் அண்ணன் வீட்டுக் கல்யாணமும்

...அதையேதான் சார் நானும் கேக்குறேன், பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்க? நீங்க கீழ் வீட்டுக்கு வந்து மூணு நாள்தான் ஆகுது. மோட்டார் போல்ட்டு லூசு, தண்ணி பீச்சுது, அவசரம்ங்குறீங்க. பீச்சட்டும் சார், தண்ணிதானே! நான் மூணு மாசமா தேடுறேன்.

உள்ள வாங்க. சுவத்துல பலகையப் பாருங்க. பாக்க மட்டும்தான், தொடக்கூடாது! என் பொண்டாட்டிக்கே அந்தச் சட்டம்தான்.

எங்கப்பா மெக்கானிக்கு. அவர் போனதும் பாகம் பிரிச்சோம். அண்ணனுக்கு ஸ்கூட்டரு, எனக்கு நாலு டூல்ஸ் பெட்டி. தொறந்தா... ஐயையோ! துரு, கிரீஸு, நடுவுல ஒரு எலி குடும்பமே நடத்துது. ஒவ்வொண்ணா மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, உப்புத்தாள் வச்சுத் தேச்சேன். தேச்ச தேப்புல கைரேகை போயி, என் போனே என்னைய யாருங்குது!

அப்புறம் பலகையில ஒவ்வொரு டூலோட உருவத்தையும் கருப்புப் பெயிண்டுல அப்படியே அடிச்சு, மேல ஒரு ஆணி. எது காணாமப் போனாலும் கருப்பா பல்லக் காட்டும். எப்படி யோசனை? மிச்சப் பெயிண்ட வீணாக்குவானேன்னு, துரு விடாம அடம்புடிச்ச ஒரு சாமானுக்கும் அதையே பூசி மாட்டுனேன். அந்தச் சிக்கனம் எங்கப்பா ரத்தம் சார்.

மறுநாள் வந்து பாத்தா, பத்தாம் நம்பர் இடம் கருப்பு! முந்துன நாள் வந்துட்டுப் போனது யாரு? அண்ணன். ஸ்கூட்டர் வச்சிருக்கிறவனுக்குத்தானே ஸ்பேனர் வேணும்? போனப் போட்டு, திருட்டுப்பயலேன்னேன். இல்லவே இல்லங்குறான். அப்புறம் புதுசா ஒரு செட்டே வாங்கி அனுப்புறான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது, பாத்தீங்களா? திருப்பி அனுப்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமை அவன் பொண்ணுக்குக் கல்யாணம். நான் தோள்ல தூக்கி வளத்த புள்ள சார். சித்தப்பா வராம கல்யாணமே வேணாம்னு அழுவுது. பத்தாம் நம்பர் வரட்டும், நான் வர்றேன்னுட்டேன். சொல்லிட்டு நாலு நாளா தூக்கமில்ல. போகணும்னு உசுரு துடிக்குது. ஆனா சொன்னது சொன்னதுதானே...

சார், சார்! தொடாதீங்கன்னேன்ல? அது பெயிண்டு சார், வெறும் உருவம், அத எப்படி எடுப்...

எடுத்துட்டீங்க.

இருங்க, கண்ணாடியப் போட்டுக்குறேன். அதுக்குப் பின்னாடி இன்னொரு கருப்பு இருக்கு... அப்ப மூணு மாசமா... நான்தான் பூசி, நானே மாட்டி... ஐயோ, அன்னிக்கு அண்ணன் வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்த சம்பந்தி வீட்டாளுங்க கேக்க, அவன் போன் ஸ்பீக்கர்ல திருடன்னேனே!

சார், ஒரு உபகாரம். உங்களுக்கு முன்னாடி கீழ குடியிருந்தவரு எடுத்ததா அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை... வேணாம், வேணாம். பாவம், அவரு வீட்டக் காலி பண்ணதே இந்த ஸ்பேனரால நான் போட்ட சண்டையிலதான்.

சார்? எங்க ஓடுறீங்க? படியெல்லாம் தண்ணி, வழுக்கும்! முடுக்கிட்டுக் கொண்டாந்துடுங்க சார்! அதுவும் கையில இல்லாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் கல்யாண வீட்டுக்குள்ள நுழைவேன்?