சிக்னல் இல்லாத ரூம்

– ஜெயபிரகாஷ் அண்ணே, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு உங்க ‘சிக்னல் இல்லாத’ ரூமுக்குள்ள இருந்து போன்ல எங்கம்மாகிட்டப் பேசிட்டு வர்றேன். குரல் கணீர்னு கேக்குது.

– மழைக்கு, சிக்னலத் தடுக்கச் செவுத்துல ஒட்டுன ஷீட்டு எங்கயாச்சும் விட்டிருக்கும் மேடம். இந்தப் பூண்டி மலை ஈரத்துக்குச் செவுரே ஊறுது, தாளு நிக்குமா?

– விட்டது இல்லண்ணே, ஒட்டவே இல்ல. ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல விரல் நுழையிது. ஜன்னல் சட்டத்தச் சுத்தி ஒண்ணுமே கெடையாது. சிக்னல் மீட்டர் முள்ளு எகிறுது.

– அப்ப நீங்க குடுத்த சர்டிபிகேட்? ‘பத்து லட்சத்துல ஒரு பங்கு அலைதான் தாண்டும்’னு காலேஜ் லேப் சீலு, கீழ சண்முகப்பிரியான்னு கையெழுத்து. ரிசப்ஷன்ல பிரேம் போட்டு மாட்டியிருக்கோம்.

– அது நீங்க லேபுக்குக் கொண்டாந்த உள்ளங்கை அகலத் துண்டுக்குக் குடுத்தது. வெள்ளிப் பூச்சு நல்ல பூச்சுத்தான். இந்தப் பக்கம் அலைய விட்டேன், அந்தப் பக்கம் வந்து சேரல. ‘ரூமுக்குன்னே எழுதுங்க மேடம், போன் தொல்லை இல்லாம இருக்கணும்னு தேடி வர்ற டூரிஸ்ட் நம்பணும்’னீங்க. வந்து பாக்காம எழுதுனேன். என் தப்பு.

– அத அப்பிடியே விட்ருங்க. இப்ப எதுக்குக் கெளர்றீங்க?

– எப்பிடி விடுறது? போன மாசம் பெட்ஷீட் மாத்தப் போன முனியாயி அந்த ரூமுக்குள்ளதான செத்துக் கெடந்தா? இரைப்பு வந்து கத்தக்கூட முடியாம. பொழுது சாயிற வரைக்கும் ஒருத்தரும் எட்டிப் பாக்கல.

– சீசன் நேரம் மேடம். முப்பது ரூமுக்கு நாலு பொம்பளைக.

– அவ புருஷன் மாயன் பாச்சலூர்ல இருந்து லேபுக்கே வந்துட்டாருண்ணே. ‘அந்தத் தாளு ஒட்டாம இருந்தா எம்பொண்டாட்டி போனு வெளிய போயிருக்குமாம்மா?’ன்னு கேட்டாரு.  அதான் இன்னிக்கு மீட்டரத் தூக்கிட்டு நேர்ல வந்தேன்.

– போலீஸ் எஸ்.ஐ. கேஸ் பைல மூடிட்டாரு. சோலி முடிஞ்சுது. நீங்க வெரசாக் கெளம்புங்க, பனி எறங்குனா வண்டி ஓட்ட முடியாது.

– நாளைக்கே திருத்தி எழுதி எஸ்.ஐ. கையில குடுக்கப் போறேன். என் வேல போகும். போகட்டும். ஆனா உங்களுக்கு நல்லதுதான? ரூமு அவளக் கொல்லல. உங்க ரிசார்ட் மேல இருக்க பழி நீங்கிரும்.

– வேணாம்.

– ஏண்ணே?

– வேணாம்னா விடுங்க. பழி அந்தத் தாளு மேலயே கெடக்கட்டும். அதுக்கென்ன, வலிக்கவா போகுது?

– எனக்கு வலிக்குதுல்ல? நீங்க மேனேஜரு, ஆளு மாத்தி ஆளு போட்டுருவீங்க. அந்தாளு, நான்தான் அவர் சம்சாரத்த அடைச்சு வச்சுக் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டுத் திரியிறாரு!

– மேடம், கும்புட்டுக் கேக்குறேன். ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க எனக்கு.

– எதுக்குக் கும்புடுறீங்க? புது ரிப்போர்ட்டுல உங்க பேரே வராது. சர்டிபிகேட்டப் பாத்துட்டு, ‘இங்க இருந்து போன் போயிருக்காது’ன்னு எஸ்.ஐ. அவ போனத் தொறக்காமலே மாயன்கிட்டக் குடுத்துட்டாராம். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, பொட்டியில வச்சுருக்காரு. இனி தொறந்து பாப்பாங்க. சிக்னல் இருந்தும் அவ ஏன் ஒருத்தருக்கும் போன் அடிக்கலன்னு கேப்பாங்க. அம்புட்டுத்தான்.

– அடிச்சா மேடம்.

– என்னது?

– அன்னிக்குப் பதினொன்னேகாலுக்கு. மூணு தடவ. எனக்குத்தான். பாச்சலூர் பஸ்ஸப் பிடிக்கணும், வெள்ளனே விடுங்கன்னு காலையிலயே நச்சரிச்சா... அதுக்குத்தான் கூப்புடுறான்னு மூணு தடவயும் கட் பண்ணி விட்டேன்.