கழுத்து ஒட்டிய வாத்து

ஈரத்தோடு சாக்கில் கட்டிப்போட்டால் பிளாஸ்டிக் வாத்துக்கும் பூஞ்சணம் பிடிக்கும், தங்கச்சி. பொலிசுக்கு இது தேவையில்லாத கதைதான். என்றாலும் மொழிபெயர்க்க வந்த நீங்கள் ஒன்றும் விடாமல் சொல்லுங்கள்.

என் மனைவி சத்தியபாமா செத்துப்போன பிறகு, கிளென் வேவர்லியில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து என்னோடு தமிழ் பேசியவன் என் கூட்டாளி அருந்தவன் ஒருவன்தான். ஒவ்வொரு வாத்துவேட்டைச் சீசனும் முடிய, பறக்கிற வாத்துகளை இறக்கத் தண்ணீரில் மிதக்கவிடுகிற பிளாஸ்டிக் பொய்வாத்துகளை, கராஜில் கதிரை போட்டுக் கழுவுவோம். இற்ற கயிற்றை மாற்றுவோம், வெளிறிய கழுத்துக்கு நிறம் பூசுவோம். உள்ளதைச் சொன்னால் எனக்கு வேட்டையில் பெரிய ஆசை இல்லை. இந்தக் கழுவலுக்காகத்தான் வருடம் முழுக்கக் காத்திருந்தேன். மேலே பறக்கிற வாத்தும் கீழே தன் கூட்டம் இருக்கிறதென்று நம்பித்தானே இறங்குகிறது, பாவம்.

இந்த முறை சதுப்புக்குப் போகிற வழியில் சொன்னான்.

"மச்சான், இதுதான் கடைசி. மகள் சிட்னியில கிரவீனுக்கு வரச் சொல்லுறாள். அங்கயே போய் இருக்கப்போறன்."

"ஓம், நல்லதுதானே" என்றேன். கோபம் வரவில்லை.

முதல் வருடமே கழுத்து முறிந்த வாத்து ஒன்றை அவன் தன் கையால் ஒட்டியிருந்தான். எதை விட்டாலும் அதை விட்டுவிட்டு வரமாட்டான். அன்று வாத்துகளைத் தண்ணீரில் பரப்பியவன் நான். மற்றதெல்லாம் முழங்கால் அளவு தண்ணீரில். அதை மட்டும் கரையோரப் பள்ளத்தின் மேல் மிதக்கவிட்டேன். அவனுக்கு நீந்தத் தெரியாது. அவன் போட்டிருந்த, மார்பு வரை வரும் ரப்பர் காற்சட்டைக்குள் தண்ணீர் புகுந்தால் ஆள் எழும்ப முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

வேட்டை முடிந்து வாத்துகளைத் திரட்டும்போது, "என்ர வாத்து எங்கயடா?" என்றான். கையைக் காட்டினேன். அதை எடுக்க அவன் பள்ளத்துக்குள் இறங்கினான்.

"மச்சான், தடியை நீட்டு" என்று ஒருமுறை கூப்பிட்டான். நான் மற்ற வாத்துகளின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவசரப்பட்டால் சிக்குப் பிடிக்கும். தண்ணீர் அடங்கிய பிறகு அதே தடியால் அந்த வாத்தைக் கரைக்கு இழுத்தேன்.

ஓம், நான்தான் செய்தேன். ஆனால் அவனில் எனக்கு ஒரு பகையும் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். போகாதே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். வாத்தைக் கழுவித் துடைத்து அவனுடைய கதிரையில் வைத்திருக்கிறேன். அவன் ஒட்டிய கழுத்து இன்னும் உறுதியாக இருக்கிறது. அடுத்த சீசனுக்கும் நாங்கள் இரண்டு பேர்தான்.