கம்ப்யூட்டருக்குத் தெளித்த தண்ணீர்

“கம்ப்யூட்டருக்க உள்ள பேய் இருக்குன்னு அம்மை சொல்லுகா.”

நாகர்கோவில் பேருந்தில் என் முன்னிருக்கை இளைஞன், பக்கத்திலிருந்த நண்பனிடம் சொன்னான். தானே பாகம் பாகமாகச் சேர்த்த கம்ப்யூட்டராம்.

“ஓன் பண்ணுனா, படம் வரதுக்கு முன்ன அணைஞ்சு போவுது மக்கா.”

கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிக் கைக்குட்டையில் பொதிந்திருந்த ரேம் அட்டையை நண்பன் திருப்பிப் பார்த்தான். “பின்னுல பச்சைக் களிம்பு பூத்திருக்கே. தண்ணி பட்டுதா?”

“தண்ணியெல்லாம் படல்ல. அம்மைதான் மந்திரிச்ச தண்ணி தெளிப்பா.”

“உப்பு போட்டு மந்திரிச்சதா?”

“ஆமா. மத்தியானம் கோயில் மணி அடிச்சதும் ஜெபம் சொல்லி, உள்ளயும் தெளிப்பா. மூடியைக் கழத்தித்தான் வச்சிருக்கேன்.”

“பிளக்கைப் பிடுங்கிட்டு வந்தியா?”

அவன் போனை எடுத்து அம்மாவை அழைத்தான். சாலையோரத்து மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது.

“ரிங் போவுது,” என்றான். “எடுக்கமாட்டேங்கா.”